தொடைக்குள் வைத்த கம்பி

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பஸ் கவிழ்ந்ததில் என் தொடை எலும்பு முறிந்தது. எழுபதுகளின் கடைசி அது. சேலத்தில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், புதுமாதிரி எஃகுக் கம்பி ஒன்றைச் சிலருக்கு எலும்புக்குள் பொருத்தி, பலன் எப்படி என்று எழுதிவந்தார். எனக்கும் அதையே வைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த செவ்வாய்ப்பேட்டை அக்காவுக்கும் அதுதான். அவருக்குச் சீழ் பிடித்தது. காய்ச்சலில் பிதற்றினார். கம்பியை உருவி எடுத்தும் ஆறவில்லை. வீட்டார் கார் வைத்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

சில மாதம் கழித்து, டாக்டர்கள் கூட்டத்தில் நடந்து காட்ட எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் சாயங்காலமானால் தொடை கொதிக்க ஆரம்பித்திருந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவார், காலையே எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கைதட்டினார்கள்.

"திரும்பி வந்த அத்தனை பேரும் இப்படித்தான் நடக்கறாங்க," என்றார் எங்கள் டாக்டர்.

முன்வரிசையில் ஒரு டாக்டரம்மா எழுந்தார். "வராதவங்க?"

"நல்லா இருக்காங்க. அதனாலதான் வரல."

அந்த அக்காவின் முனகல் காதுக்குள் கேட்டது. நாளைக்கு நானும் வராமல் போனால், இவர் கணக்கில் நானும் நன்றாக இருப்பவள்தான்.

"ஏனுங்க டாக்டரு," என்றேன். "எம்பக்கத்துக் கட்டில்ல இருந்த அக்காளுக்குக் கம்பிய எடுத்துட்டீங்களே. அவுங்களும் வரலீங்களே."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

"கொதிக்குதுங்க. பயமா இருக்குதுங்க."

என்னோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்துவிட்டார். பக்கத்து அறையில் என்னைப் படுக்கவைத்து, எங்கள் டாக்டர் தழும்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் மிச்சமிருந்த தைரியமும் போயிற்று.

"காலு போயிருமுங்களா?"

அவர் என்னை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

மறுநாளே கம்பியை எடுத்தார்கள். சீழ் இருந்தது, ஆனாலும் எலும்பு கூடியிருந்தது. கால் தப்பியது, கொஞ்சம் குட்டையாக.

வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "உங்க பக்கத்துக் கட்டில்ல இருந்த அந்தம்மா வீடு எங்கேன்னு தெரியுமா?"

"செவ்வாய்ப்பேட்டைன்னுதானுங்க சொன்னாங்க."

பிறகு நாங்களும் அங்கே விசாரித்தோம். ஊரை விட்டே போய்விட்டார்களாம். டாக்டர் தேடினாரா, தான் எழுதியதில் அந்த அக்காவையும் சேர்த்தாரா, எனக்குத் தெரியாது.