ஓடுகிற வண்டியில் கை வைக்காதவர்

ஓடுகிற வண்டியிலிருந்து உதிரிபாகம் கழற்றுவதில்லை என்பது மெக்கானிக்கின் கறாரான சட்டம். காயலான் கடைக்குப் போன வண்டி என்றால் சரி. இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானபோதும் அதே சட்டத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். அவருக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று வந்து நின்றாள். பரிசோதனையில் எல்லாம் ஒத்தும் போனது.

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இறந்தவங்களோடது வரட்டும், வாங்கிக்கிறேன்."

"டேய், ஸ்டெப்னிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

"பஞ்சர் ஆனா தெரியும்."

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். இறந்தவருடையதும் நல்லதுதான், டயாலிசிஸோடு காலம் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பல மணி நேரம் ஐஸில் இருந்து வருவதால், வேலை தொடங்கச் சில நாள் ஆகலாம். உயிரோடிருப்பவருடையது பெரும்பாலும் உடனே சிறுநீரைப் பிரிக்கும். சராசரியாகச் சில வருடம் கூடவும் உழைக்கும். முக்கியமாக, காத்துக் கிடக்க வேண்டாம். மெக்கானிக் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

மூன்று வருடம் வரிசையில் கிடந்தார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். மத்தியானத்துக்குள் நாக்கு செருப்புத்தோல் ஆகிவிடும். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடது கையால் கனம் தூக்கக் கூடாது. தூக்கினார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் லாரிக்கு அடியில் கிடந்தார். கிரீஸ் படக் கூடாதென்று செல்போனை டூல் பெட்டிக்குள் போட்டு மூடுவது அவர் பழக்கம். வெளியே வந்து பார்த்தால் பதினோரு அழைப்பு. படிவத்தில் இன்னொரு எண் கேட்ட இடத்தை, அக்காவுக்கு எதற்குத் தொல்லை என்று வெறுமையாக விட்டிருந்தார்.

"ரொம்ப நேரம் பார்த்தோங்க. அடுத்தவருக்குக் கொடுத்தாச்சு" என்றது பெண் குரல்.

கையைக்கூடக் கழுவாமல் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அக்கா, அந்த ஸ்டெப்னி..."

"நாளைக்கே போலாம்."

மூன்று வாரம் பரிசோதனை நடந்தது. முடிவைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அக்காவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. சிறுநீரில் புரதமும் கசிந்தது.

"மூணு வருஷம் முன்னாடின்னா எடுத்திருக்கலாம். இப்ப எடுத்தா, நாளைக்கு இவங்களும் உங்க பக்கத்துக் கட்டில்ல படுக்க வேண்டியதுதான்."

இருவரும் பேருந்தில் திரும்பினார்கள்.

"ஷெட்டுல நிறுத்தியே துருப்பிடிக்க விட்டுட்டேன்" என்றார் அவர்.

"நான் என்ன தகரமாடா?" என்றவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அவள் தினமும் பட்டறைக்கு வருகிறாள். முக்காலி போட்டு, தம்பியின் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். படிவத்தில் அவள் எண்ணும் ஏறிவிட்டது. மணி அடித்ததும் லாரிக்கு அடியில் ஸ்பானர் நின்றுவிடும்.

"கிரெடிட் கார்டு வேணுமான்னு கேக்கறான். நீ போல்ட்ட முறுக்கு."

ஸ்பானர் மறுபடி சுழலும். இப்போதெல்லாம் அதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.