சூடு ஆறாத இன்ஜின்

இது கட்டுக்கதை இல்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சம்பத்துக்கு இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மாதனூரில். சந்தேகமிருந்தால் ஆம்பூர் பைபாஸில் அவன் ஷெட்டுக்குப் போய்க் கேளுங்கள். சொல்வான். சொல்லி முடித்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை ஓடாது.

பழைய ரேஸ் கார் இன்ஜின்களைப் பார்த்து விலை சொல்லி வாங்குவது அவன் தொழில். அன்று அவனை அழைத்தவர் எபனேசர், தோல் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் ஜெஸ்டன், தன் காருக்கு ஒரு டர்போ இன்ஜின் வாங்கினான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துதான் அதைப் பிரித்துக் கோத்தார்கள். போன வருஷம் பள்ளிகொண்டா தாண்டி அந்தக் கார் தடுப்பில் மோதியது. ஜெஸ்டன் அங்கேயே போய்விட்டான். பையன் கண்மண் தெரியாமல் பறந்தான், செத்தான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"வெலை கெடக்கட்டும் தம்பி," என்றார் எபனேசர். "உள்ள எதுனா கோளாறு இருக்குதான்னு மட்டும் சொல்லு. பிஸ்டனப் புடிக்கிற ராடு போல்ட்டெல்லாம் நான்தான் டைட் பண்ணேன். தோல் டிரம்முக்குப் பண்ற மாதிரி கை அளவுலயே பண்ணிட்டேன். அளவு காட்டுற டார்க் ரென்ச் வாங்கியாறேன்னான் புள்ள. நான்தான், முப்பது வருஷக் கைடா இதுன்னு..."

பாதியிலேயே நிறுத்தி, பின்கட்டுப் பக்கம் கை காட்டினார்.

அவர் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில், மரக்கட்டை மேல் இன்ஜின் தனியாக இருந்தது. விலை பார்க்கிறவன் முதலில் கையை வைத்துப் பார்ப்பான். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்தால், கோளாறான சத்தம் வெளியே தெரியாது. அதனால் இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும்.

இது வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னாண்ணா, ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பேட்டரி ஏது, பெட்ரோல் ஏது? கார்லருந்து கழட்டினு வந்த நாள்லருந்து நான் அத்தத் தொடவே இல்ல."

டிக்... டிக்... டிக்...

வெகுதூரம் ஓடி வந்து நின்ற இன்ஜின், ஆறும்போது போடும் சத்தம். சம்பத் தினமும் கேட்கிறவன்தான். இருந்தும் முதுகு சிலிர்த்தது.

உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் இன்ஜின் சுற்றாது. அதைப் பார்க்க, கிராங்க் தண்டில் நீளமான ஸ்பேனரை மாட்டிச் சுற்றினான். முதலில் அசையவில்லை. பிறகு சட்டென்று லேசானது. கைப்பிடியை இன்னொரு கையும் சேர்ந்து பிடித்துத் தள்ளுவது போல...

திரும்பிப் பார்த்தான். எபனேசர் வாசலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

சம்பத் கையை எடுத்தான்.

ஸ்பேனர் இன்னும் அரைச் சுற்று போனது... தானாக.

"சுத்துதா தம்பி?"

"சு... சுத்துதுண்ணா. ஒரு கொறையும் இல்ல."

எபனேசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் கை இல்ல. என் கையால இல்லடா ஜெஸ்டா," என்று சொல்லிச் சொல்லி அழுதார். சம்பத் நல்ல விலை கொடுத்து, சாயங்காலமே இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் காலை, தன் ஷெட்டில் கூட்டாளி சத்தாரோடு அதைப் பிரிக்க உட்கார்ந்தான். ஸ்பேனர் அசையவில்லை. பைப் மாட்டி இருவரும் தொங்கினார்கள். மயிரிழைகூட நகரவில்லை.

அடிப்பாகத்தைக் கழற்றினார்கள். ராடு போல்ட் ஒன்று கழன்று கிடந்தது. ராடு வளைந்து கிராங்கில் சிக்கியிருந்தது. மேலெல்லாம் துரு.

"ஓடிட்டு இருக்கும்போதே லாக் ஆயிருக்குது," என்றான் சத்தார். "பையன் இன்னா பண்ணுவான், பாவம்! அன்னிலருந்து இத்த எவனாலயும் சுத்திருக்க முடியாது."

அப்படியென்றால் தப்பு பிள்ளையின் வேகத்தில் இல்லை. அப்பாவின் கையில். அந்தப் போல்ட்டைச் சம்பத் கையில் எடுத்தான்.

போன் அடித்தது. எபனேசர்.

"தம்பி, ஒரு வருஷத்துல நேத்துதான் தூங்கினேன். புள்ள கனவுல வந்தான். தோள்பட்டையப் புடிச்சிக்கினே நின்னான். இன்ஜின சுத்தி வுட்டேன்பா, கை ரொம்ப நோவுதுன்னான். எதுக்குத் தம்பி அப்படிச் சொன்னான்?"

சம்பத் போல்ட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"தெரியலண்ணா," என்றான்.