மகளை ஓட விடச் சொல்லி ஒரு கடிதம்

என் மகளுக்குப் பத்து வயது. வீசிங் உண்டு.

நேற்று டாக்டர் எடை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயிட் குறைஞ்சா வீசிங்கும் குறையும்மா. இன்ஹேலர் போட்டுக்கினு நல்லா ஓடட்டும்."

இன்று காலை அவள் பள்ளிக்கே போய், பி.டி. சாரிடம் கோபமாகத்தான் கேட்டேன். "ஏன் சார், விளையாட்டு பீரியட்ல என் பொண்ண மட்டும் உக்கார வெக்கறீங்க?"

அவர் ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். 'என் மகளை ஓட விட வேண்டாம். ஏதாவது ஆனால் பள்ளிதான் பொறுப்பு.'

போன வருஷம் நான் எழுதியது. 'பொறுப்பு'க்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"இத வெச்சிக்கினு நான் எப்படிமா ஓட வுடறது?"

மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்களுடைய ஸ்நாக்ஸ் டப்பாக்களுக்குக் காவல் இருந்தாள். காவலுக்குக் கூலி, டப்பாவுக்கு ஒரு முறுக்காம். ஒரு வருஷமாக.

"ஓடலாம்னு புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்கமா," என்று சார் வெள்ளைத்தாளை நீட்டினார்.

தாள் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. 'என் மகளை ஓட விடுங்கள். ஏதாவது ஆனால்' வரை எழுதிவிட்டேன்.

அடுத்து யார் பெயரைப் போடுவது? பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.