வாய் நிறையத் தண்ணீர்

என் சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரேடியோ’. சாவியைத் திருகியதும் வண்டியோடு சேர்ந்து அவர் வாயும் ஸ்டார்ட் ஆகிவிடும்.

“அது கிளட்ச்சுங்க, கரப்பான்பூச்சி இல்ல! எதுக்கு அப்படி மிதிக்கிறீங்க? கண்ணாடி எதுக்கு இருக்கு, முகம் பாக்கவா?”

தன்னையும் விட்டுவைக்க மாட்டார். சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறல் விழுந்தால் குளியலறைக்கு வெளியே கேட்கும்: “தடிமாடு! உன் மூஞ்சி எங்க இருக்குன்னு இன்னுமா தெரியல?”

இப்படிப்பட்டவரிடம்தான் சித்தியும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சித்திக்கு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை. அங்கே வேன் ஓட்டுகிறவர் ஓய்வு பெறப் போகிறார். லைசன்ஸ் எடுத்துவிட்டால் வேன் ஓட்டும் வேலை சித்திக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். சித்தி ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் தோற்றுவிட்டாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வேன் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தேர்வுக்கு முந்தின நாள் சித்தி ஒரு நிபந்தனை போட்டாள்.

“நீங்க வாயே திறக்கக் கூடாது.”

“திறக்கல, போதுமா?”

“அந்தக் கதையே வேணாம். ஆ காட்டுங்க.”

அவர் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றினாள். “துப்பினாலும் முழுங்கினாலும் ராத்திரி சமையல் உங்களுது.” சாட்சிக்கு நான் பின்சீட்டில்.

கன்னம் இரண்டும் உப்பிப்போய் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். முதல் திருப்பத்தில் புருவம் ஏறியது. இரண்டாவதில் மூக்கு விடைத்தது. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் கால் போனது, ஆனால் மிதிக்கவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

கடைத்தெரு மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது.

“மக்கு!” என்று சித்தி ஸ்டியரிங்கை அடித்தாள். “கிளட்ச்சா அது, கரப்பான்பூச்சியா? உனக்கெல்லாம் எதுக்குடி வண்டி? தடிமாடு!”

ரேடியோவை அணைத்தாயிற்று. நிகழ்ச்சி மட்டும் நிற்கவில்லை, சித்தியின் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ம்ம்! ம்ம்ம்!”

“நீங்க சும்மா இருங்க. என்னை நானே திட்டிக்கிறேன், உங்களுக்கென்ன?”

புஸ்ஸ்! மொத்தத் தண்ணீரும் முன்கண்ணாடியில்.

“நீ எதுக்கு உன்னை மக்குன்னு சொல்லிக்கிற? மேட்டுல வண்டி நிக்கிறது யாருக்கும் நடக்கும். போன வாரம் எனக்கே நடந்துச்சு!”

“உங்களுக்கா?”

“பஸ் ஸ்டாண்டு முன்னாடி. அத்தனை பேர் பார்க்க.”

“சொல்லவே இல்லையே!”

“எதுக்குச் சொல்ல? வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கிட்டுத்தானே வந்தேன்.”

சித்தி வைப்பரைப் போட்டாள். தண்ணீர் உள்பக்கம் இருந்ததால் அது வெறுமனே ஆடியது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்,” என்றார் சித்தப்பா. “நீ மெதுவா எடு.”

அன்று ராத்திரி சமையல் அவர்தான். குழம்பில் உப்பு கூடிவிட்டது. தன்னைத் திட்டிக்கொள்ள வாயெடுத்தவர், சித்தியைப் பார்த்துவிட்டு அதையும் சேர்த்து முழுங்கினார்.

மறுநாள் தேர்வு. நானும் சித்தப்பாவும் தேர்வு மைதான வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அங்கிருந்த மேட்டிலும் வண்டி நின்றுவிட்டது. சித்தப்பா வேலிக் கம்பியை இறுகப் பிடித்தார். சித்தியின் உதடு அசைகிறதா என்றுதான் நான் பார்த்தேன். அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், மூச்சு விட்டாள், மறுபடி எடுத்தாள். வண்டி ஏறியது.

பாஸ்.

சித்தி ஓடி வந்தாள். சித்தப்பாவால் அடக்க முடியவில்லை. “அந்தக் கடைசி வளைவுல நீ…”

சித்தி இடுப்பில் கை வைத்தாள். “ம்? கடைசி வளைவுல?”

“அருமையா ஒடிச்ச.”

“பொய்.”

“பாதிதான் பொய்.”

எந்தப் பாதி என்று சித்தி கேட்கவில்லை. சாவிக்குக் கை நீட்டியவரைத் தாண்டிப் போய் ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்தாள்.