சப்டைட்டில் இல்லாத யப்பான் படம்

இன்று வெண்டிக்காய் வாங்க ஜெர்மனியில் எங்கள் நொய்கெல்ன் பகுதித் தமிழ்க் கடைக்குப் போனேன். எப்போதும் சீரியல் ஓடும் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை யப்பான் படம். கடைக்கார அண்ணை பழைய சாமான் சந்தையில் வாங்கிவந்த டிவிடி. எந்த மொழியிலும் சப்டைட்டில் இல்லை.

கல்லாவில் இருந்த அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாவம், இந்த வயசில புருசனைப் பறிகுடுத்திட்டு வெள்ளை உடுத்திட்டாள்.”

திரையில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்திய பெண் தகப்பனைக் குனிந்து வணங்குகிறாள். தகப்பனின் முதுகு மட்டும் தெரிகிறது. நனையாத குடையை உதறிக்கொண்டே நிற்கிறார். முகத்தைக் காட்டாமலே ஒரு மனிதனை அழவைத்திருக்கிறார்கள்! நானும் அசையாமல் நின்றுவிட்டேன்.

இஞ்சி வாங்க வந்த ஒரு யப்பானியப் பெண் ஜெர்மனில் சொன்னார்: “இது கல்யாணம். எங்கள் மணப்பெண்கள் வெள்ளைதான் உடுத்துவார்கள். என் அம்மாவுக்கு உயிரான படம். ஐரோப்பாவில் இதைத் தெரிந்த ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.”

அடுத்த மாதம் கல்லாவில் இருந்த அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம். அவள் ஹனோவர் நகருக்குப் போகிறாள்.

அக்கா புருசனிடம் சொன்னார்: “முதல்ல இருந்து போடுங்கோ. நான் பிழையா அழுதிட்டன்.”

அண்ணை போட்டுவிட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த அரிசிப் பைகளைத் திரும்பவும் அடுக்கத் தொடங்கினார். அவருடைய முதுகுதான் தெரிந்தது.

மொழி புரிந்து பார்த்த எந்தப் படமாவது உங்களை இப்படிச் செய்திருக்கிறதா? சொல்லுங்கள். என்னிடம் அப்படி ஒரு படம் இல்லை. இன்றைக்கு வெண்டிக்காயும் இல்லை.