திருச்செந்தூருக்கு ஒரு மேப்பும் ஒரு புத்தகமும்

வயது அறுபத்தெட்டு. பெற்றது ஆறு, ஆறையும் ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுவும் பிள்ளைகளின் சிலேட்டை எட்டிப் பார்த்துக் கற்றதுதான். நான் சொல்லச் சொல்ல இந்தப் பக்கத்தை எழுதுகிறவள் பேத்தி செல்வி.

போன வாரம் நான் இங்கே இல்லை. எங்கே போனேன் என்று கேட்டிருப்பீர்கள். திருச்செந்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன்!

பழனிக்குப் பாதயாத்திரை போக மேப் எதற்கு? கூட்டமே வழி காட்டும். ஆனால் சின்னாளபட்டியிலிருந்து திருச்செந்தூர்? எங்கள் தெருப் பெண்கள் யாரும் நடந்ததில்லை. இந்த வருஷம் நாங்கள் சிலர் நடப்போம் என்றதும் பெரிய மகன் சிரித்தான்.

"ஏத்தா, ஆம்பளத் துணை இல்லாம எப்பிடிப் போவீக? வழிநெடுக்க கேட்டுக் கேட்டுல்ல போகணும்?"

"ஒருத்தன்கிட்டயும் கேக்க மாட்டோம்டா. கேட்டா, அங்கயிருந்தே பஸ் ஏறி வந்துர்றேன்."

சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதானே... மறுநாளே சம்பந்தி மீனாட்சியோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடைக்குப் போனேன்.

"என்ன அப்பத்தா, காலண்டரா?" என்றார் கடைக்காரர்.

"காலண்டர் வீட்டுல கெடக்கு தம்பி. ரோடு காட்டுற படம் வேணும். பாதயாத்திரப் புஸ்தகமும் காட்டுங்க."

மேப்பை விரித்தார். நான் முதலில் தேடியது திருச்செந்தூரை அல்ல – சின்னாளபட்டியை. பஸ் பலகையில் தினமும் பார்க்கிற பெயர், விரல் வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஊரையே தெரியாத மேப்புக்கு அடுத்த ஊர் எப்படித் தெரியும்?

புத்தகத்துக்கும் அதே பரீட்சைதான். எங்கள் ஊர்ப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் வெறும் கோயில் பெருமை. இன்னொன்றில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் குடிதண்ணீர், அதை ஒட்டி நிழல் என்று போட்டிருந்தது. உண்மை. அதை எடுத்தேன்.

"ஒண்ணு போதாதா மதினி?" என்றாள் மீனாட்சி. நான் மேப், புத்தகம் இரண்டையும் வாங்கினேன்.

வீட்டில் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டோம். புதுப்பொருள் என்றால் பொட்டு வைக்காமல் எடுப்போமா? நான் மேப்பின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். மீனாட்சியோ தங்கப் போகிற ஊர் ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தாள். சுங்குடிச் சேலைபோல இருந்தது. நானும் தடுக்கவில்லை.

மதுரை தாண்டி, அருப்புக்கோட்டை தாண்டி, ஓரிடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. கைகாட்டியில் கம்பம் இருந்தது, பலகை இல்லை. மேப்பை விரித்தால்... அருப்புக்கோட்டைப் பொட்டு வேர்வையில் கரைந்து, சுற்றுவட்டாரம் முழுக்கச் சிவப்பு!

"நல்லா வச்ச பொட்டு" என்றேன்.

"சாமி குங்குமம் மதினி, திட்டாதீக."

எதிரே டீக்கடை. பெஞ்சு நிறைய ஆண்கள். ஒருவர் கேட்டே விட்டார்:

"எங்கிட்டுப் போகணும் ஆத்தா?"

எங்கள் பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை கேட்டால் வழி தெரியும். ஆனால் நான் பஸ் ஏற வேண்டும்.

"டீ குடிக்கத்தான் நின்னோம்ப்பா" என்று எல்லோருக்கும் டீ சொன்னேன். புத்தகத்தை எடுத்து அருப்புக்கோட்டையைத் தேடிப் பிடித்து, விரல் வைத்தேன்.

"பி...ரி...வு... பிரிவு. க...ண்...மா...ய்... கண்மாய். கண்மாய்க் க...ரை..."

டீ ஆறியது. சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெஞ்சில் பீடி பிடித்தவர்கூட பீடியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"இ...ட...து. இடது கைப்பக்கம்!"

இடது பக்கம் திரும்பினோம். செத்த தூரத்தில் கண்மாய்க் கரை வந்தது. மீனாட்சி என் கையை விடவே இல்லை.

திருச்செந்தூரில் மகன் பஸ்ஸில் வந்து முன்னாலேயே காத்திருந்தான்.

"யாருகிட்ட வழி கேட்டீக?"

நான் பதில் சொல்வதற்குள் மீனாட்சி முந்திக்கொண்டாள்: "எங்க மதினி வாசிச்சாக."

அவன் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நடக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேப், புத்தகம் இரண்டும் வாங்குங்கள். இரண்டிலும் முதலில் உங்கள் ஊரைத் தேடுங்கள். குங்குமப் பொட்டை அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏத்தா செல்வி, எழுதினதைச் செத்த வாசி, கேப்போம். அந்த 'இடது' வருகிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை வாசி.