டேங்கர் போயிடுச்சுண்ணே

போர் விமானங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் எங்கள் செராமிக் பேட்டையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சூளைப் பக்கம் மேற்பார்வை எனக்கு. வளைகுடாவில் சண்டை மூளும் என்று செய்தி வர ஆரம்பித்ததும், டீ நேரத்தில் சுடாத பொம்மைகளைப் பலகையில் பரப்பி வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டேன்.

"மொதல்ல குண்டு போடுறது போவாது. ரேடார் கண்ணக் குத்துறதுதான் போவும்" என்று இரண்டு யானைகளை முன்னால் நகர்த்துவேன். உயரத்தில் நின்று வானம் முழுவதையும் பார்த்து வழி சொல்லும் ரேடார் விமானத்துக்குப் பிள்ளையார். காவலுக்குப் போகும் சண்டை விமானங்களுக்குக் குதிரைகள். நடுவில் தொப்பை பெருத்த சிரிக்கும் புத்தர். "இதுதான் பறக்கும் பெட்ரோல் பங்க். வானத்துலயே பெட்ரோல் போடும். இது இல்லன்னா மத்தது எல்லாம் பாதி வழியில திரும்ப வேண்டியதுதான்." டிவியில் அப்படித்தான் சொன்னார்கள். "இவர டெல்லிக்கு அனுப்புங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்தப் பித்துக்குக் காரணம் என் தம்பி. வளைகுடாவில் ஒரு விமானப்படைத் தளத்தின் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவினான். மங்கலம்பேட்டை ஏஜென்ட்டிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். தளத்தில் பார்ப்பது எதையும் போனில் பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. அதனால் அவன் சாப்பாட்டையும் வெயிலையும் பற்றித்தான் பேசுவான்.

எங்கள் தெருவில் அப்போது போர்வெல் மோட்டார் எரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நகராட்சித் தண்ணீர் டேங்கர் லாரி வருமா என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காலையில் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, டேங்கரெல்லாம் போயிடுச்சுண்ணே." குரல் தாழ்ந்திருந்தது.

"எப்ப திரும்பி வருமாம்?"

"தெரியல. ஒண்ணுகூட இல்ல. லீவு குடுக்குறாங்க. சாயங்காலம் பிளேன் இருக்குது. நான் வந்துடட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தண்ணிக்காக எவனாவது வேலைய வுட்டுட்டு வருவானா? இங்க மட்டும் ஆறா ஓடுது? கேன்ல புடிச்சு வெச்சுக்க."

"சரிண்ணே, புடிச்சு வெச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மதியம் டிவியில் அந்தத் தளம் எரிந்துகொண்டிருந்தது. இரவே சண்டை மூண்டு, பதிலடி ஏவுகணைகள் விழுந்திருந்தன. ராணுவ அதிகாரியாக இருந்த ஒருவர் பேசினார். எதிரியின் ஏவுகணைகள் வரும் என்று தெரிந்தால், விலை உயர்ந்த, மெதுவாகப் பறக்கும் எரிபொருள் விமானங்களை முதலில் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். "டேங்கர்கள் கிளம்பிவிட்டன என்றாலே அடி விழப்போகிறது என்று அர்த்தம்" என்றார்.

டேங்கர். என் சிரிக்கும் புத்தருக்கு அங்கே அதுதான் பெயர். அப்போதே அவன் எண்ணுக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடந்தது. தம்பி மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "கடைசியா உங்ககிட்டதான பேசினாரு மாமா? என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள். "தண்ணி இல்லன்னு சொன்னாம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செராமிக்கில் யாரும் வகுப்புக் கேட்கவில்லை. பலகையில் இருந்த யானை, குதிரை, பிள்ளையார், புத்தர் எல்லாவற்றையும் களிமண் தொட்டியில் போட்டுக் கரைத்தேன். வீட்டுக்கு வந்தால், "டேங்கர் வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு தெருவே குடத்தோடு ஓடுகிறது. நான் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தண்ணீருக்கு ஓடியவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆறாம் நாள் புது எண்ணிலிருந்து போன் வந்தது. தம்பிதான். இடது காது கேட்கவில்லை என்றான். சமையல்கூடமே இல்லை என்றான். உடன் வேலை செய்த மூன்று பேரும் அதற்குள்தான் இருந்தார்கள் என்றான்.

"ஏன்டா அன்னிக்கே வெளக்கமா சொல்லல?" என்று கத்தினேன்.

"சூப்பர்வைசர் பக்கத்துல நின்னாருண்ணே. ஏரோப்ளேனப் பத்தி உனக்குத் தெரியாததா, டேங்கர்னாலே நீ புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்."

உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தான்.

"அண்ணே, டேங்கரு இன்னும் திரும்பி வரலண்ணே."

இந்தத் தடவை புரிந்தது, இன்னும் அடி விழப்போகிறது. வந்துடுடா என்றேன். வந்துடு, வந்துடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எப்படிண்ணே வர்றது?" என்றான். ஏர்போர்ட்டை மூடி ஐந்து நாள் ஆகியிருந்தது.